கடைமடை வயலும் மீத்தேன் கணக்கும்

"வயல்ல தண்ணி நிக்கதுனால வானம் சூடாகுதுன்னு சொல்லுதாங்களே தம்பி, நெசந்தானா?"

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் கடைத்தெரு டீக்கடையில் ஓர் அண்ணாச்சி இப்படிக் கேட்டார். பெருங்குளத்துப் பாசனத்தில் பிசானப் பருவத்து நெல்லும், கொஞ்சம் மேட்டில் வாழையும் போடுகிறவர். கேள்வியில் சந்தேகத்தைவிட வருத்தம்தான் அதிகம். காலம் காலமாகச் சோறு போட்ட வயலைப் பார்த்து யாரோ குற்றம் சொல்கிறார்களே என்ற வருத்தம்.

"நெசந்தான் அண்ணாச்சி. ஆனா எவ்வளவுங்கிறதைப் பொறுத்துத்தான் மத்த எல்லாமே" என்றேன். அந்த அளவைப் பற்றித்தான் இந்தப் பத்தி. டீயை ஆற வைத்துக் குடித்துக்கொண்டே கேட்கலாம், அவசரமில்லை.

முதலில் மண்ணுக்குள் நடப்பதைப் பார்ப்போம். தொழி உழுது, நடவு நட்டு, தண்ணீர் கட்டியதும் மண்ணுக்கும் காற்றுக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோகிறது. மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அப்புறம் நைட்ரேட், இரும்பு, சல்ஃபேட் என்று கிடைப்பதை ஒவ்வொன்றாகப் பயன்படுத்தும். அதுவும் தீர்ந்தபின் வேறு ஒரு கூட்டம் வேலையைத் தொடங்குகிறது. காற்றே படாத இடத்தில் மட்டும் வாழும் நுண்ணுயிர்கள் அவை. மட்கும் தாள்கட்டையையும் வேர் கசியவிடும் சர்க்கரையையும் தின்று மீத்தேனாக்கிவிடும். சேற்றில் கால் வைத்தால் குமிழி வருகிறதே, அதில் இந்த மீத்தேனும் இருக்கிறது. ஆனால் குமிழி வழியாக வெளியேறுவது சிறு பங்குதான். பெரும்பங்கு நெற்பயிரின் உடல் வழியாகவே மேலே போகிறது. தண்ணீருக்குள் நிற்கும் வேருக்கு மூச்சு போகவேண்டும் என்பதற்காக நெல்லின் தண்டுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. மேலிருந்து ஆக்சிஜன் இறங்கும் அதே பாதையில் கீழிருந்து மீத்தேன் ஏறிவிடுகிறது, இளநீரில் போட்ட உறிஞ்சுகுழலில் நீர் ஏறுவதுபோல.

இந்த மீத்தேன் வானத்தில் சுமார் 12 ஆண்டு இருக்கும். கரியமில வாயு பல நூற்றாண்டு தங்குவது. ஆனால் இருக்கிற காலத்தில் மீத்தேன் பிடித்துவைக்கும் வெப்பம் மிக அதிகம். நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 80 கிலோ. இன்று மீத்தேனைக் குறைத்தால் அதன் பலனை நம் பிள்ளைகள் மட்டுமல்ல, நாமே பார்க்கலாம். உலக நாடுகள் இதன்மேல் இவ்வளவு கவனம் வைப்பது இதனால்தான்.

"சரி, ஒரு வயல் எவ்வளவு விடுதுன்னு எப்படித் தெரியும்? மோந்து பாக்கவா முடியும்?" என்றார் அண்ணாச்சி. மோந்து பார்க்க முடியாது, மீத்தேனுக்கு மணம் கிடையாது. பெட்டி வைத்துத்தான் பிடிக்கவேண்டும்.

நடவு முடிந்ததும் வயலில் ஒரு சட்டத்தைப் பதித்துவிடுவார்கள். சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு பள்ளம், அதில் தண்ணீர். அளக்கிற நாளன்று நாலைந்து குத்துப் பயிரை உள்ளடக்கி, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்து அந்தப் பள்ளத்தில் உட்கார வைப்பார்கள். பள்ளத்துத் தண்ணீரே காற்று புகாமல் அடைத்துவிடும். பெட்டிக்குள் காற்றைக் கலக்க ஒரு சின்ன மின்விசிறி, பக்கத்தில் ஒரு வெப்பமானி. கவிழ்த்தவுடன் ஊசிக்குழாயில் கொஞ்சம் காற்றை உறிஞ்சி மூடிய சீசாவில் அடைப்பார்கள். கால் மணி நேரம் கழித்து ஒருமுறை, அரை மணி கழித்து இன்னொருமுறை. வரப்பில் நின்றுதான் இதைச் செய்யவேண்டும். சேற்றை மிதித்தால் குமிழி கிளம்பி அன்றைய கணக்கே கெட்டுப்போகும். சில ஆராய்ச்சி வயல்களில் இதற்கென்றே பலகைப் பாதை போட்டிருப்பார்கள். சீசாக்கள் ஆய்வகத்துக்குப் போய் வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஏறும். அரை மணிக்குள் மீத்தேன் எவ்வளவு கூடியது என்பதிலிருந்து மணிக்கு எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு என்று பெருக்கி எடுப்பார்கள். நடவிலிருந்து அறுப்பு வரை இந்த வேலை பலமுறை நடக்கவேண்டும். ஒரே வயலில் இந்த மூலையில் ஓர் அளவும் அந்த மூலையில் வேறோர் அளவும் வருவது சாதாரணம்.

இந்தியாவில் இருக்கும் நான்கு கோடிக்கு மேற்பட்ட ஹெக்டேர் நெல் நிலத்தில் எல்லா இடத்திலும் பெட்டி கவிழ்க்க முடியுமா? முடியாது. சில இடங்களில் அளந்து மற்ற இடங்களுக்குப் பெருக்கிக்கொள்ளவேண்டும். எந்த வயலில் அளந்ததை எந்த வயலுக்குப் பெருக்குகிறோம் என்பது விஞ்ஞானக் கேள்வி, கூடவே நியாயம் பற்றிய கேள்வியும்.

இதற்கு நம் நாட்டிலேயே நடந்த கதை உண்டு. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக மதிப்பிட்டது. அந்த எண் உண்மையென்றால் உலகச் சூட்டுக்கு நம் சம்சாரிதான் பெரிய காரணம் என்று ஆகிவிடும். புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அ. ப. மித்ராவின் தலைமையில் 1991-இல் நாடு முழுக்க அளவெடுக்க ஒரு பெருமுயற்சி எடுத்தது. நம் வயலில், நம் மண்ணில், நம் பாசனத்தில் பெட்டி கவிழ்த்து அளந்தார்கள். வந்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு.

அவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது? முந்தைய கணக்கு ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்து வயல்களில் எடுத்த அளவை இங்கே பெருக்கியது. அங்கே மண்ணில் மட்கு அதிகம், வயலில் தண்ணீர் இடைவிடாமல் நிற்கும். அன்று நம் நாட்டு நெல்லில் கணிசமான பகுதி மானாவாரி. பாசன வயலிலும் வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களில் தானாகவே காய்ச்சல் விழுந்துவிடும். மண்ணில் கரிமச்சத்தும் குறைவு. அதே 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வேறொரு கேள்வியை எழுப்பினார்கள்: பிழைப்புக்காக விடும் வாயுவையும் சொகுசுக்காக விடும் வாயுவையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று. அந்தக் கேள்வியின் சூடு இன்னும் ஆறவில்லை, ஆறவும் கூடாது. ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: மித்ராவும் அவர் சகாக்களும் வாதத்தோடு நிற்காமல் வயலில் இறங்கி அளந்தார்கள். அளந்து காட்டியவன் பேச்சைத்தான் சபை கேட்டது.

இனி நெல்லின் பங்கைப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டுக்காக இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கில், நாட்டின் மொத்த வெளியீட்டில் விவசாயத்தின் பங்கு 14 சதவீதத்துக்குச் சற்று மேல். அதில் ஆடுமாடுகளின் இரைப்பையிலிருந்து வருவது பாதிக்கும் மேல், 54.6 சதவீதம். உரம் போட்ட மண்ணிலிருந்து 19.1, நெல்வயலிலிருந்து 17.5. உலக அளவில், 2018-இல் பூர், நெமெச்செக் என்ற இருவர் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைச் சேர்த்து வெளியிட்ட ஆய்வு, மனிதன் விடும் வாயுவில் உணவின் பங்கு 26 சதவீதம் என்றது. மாட்டைப் பற்றித் தனியாகப் பேசவேண்டும், அது வேறொரு நாளைய டீக்கு. நெல்லுக்கு வருவோம்.

அண்ணாச்சியின் ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்வோம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு வெளியிட்ட கணக்கு வழிகாட்டியின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தெற்காசிய வயலுக்குக் கொடுத்திருக்கும் அளவு, இடைவிடாமல் தண்ணீர் நின்றால் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். நெல் நிற்கும் நாள் 112. ஏக்கருக்கு மாற்றினால் ஒரு பூவுக்கு, அதாவது ஒரு போகத்துக்கு, சுமார் 38 கிலோ. 27-ஆல் பெருக்கினால் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். இதே வயலை அறுப்புக்குள் பலமுறை காயவிட்டால் 0.55-ஆல் பெருக்கச் சொல்கிறது அதே திருத்தம். அப்போது 38 கிலோ 21 ஆகும். மீதமாவது சுமார் 17 கிலோ மீத்தேன், அதாவது 470 கிலோ கரியமில வாயு. இது சராசரி எண், அண்ணாச்சி வயலில் பெட்டி கவிழ்த்து எடுத்ததல்ல. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று காட்ட இது போதும். கிலோ கணக்கில் பணம் கொடுத்து வாங்கப் போதாது.

வைக்கோலுக்கும் இதில் பங்கு உண்டு. நடவுக்கு ஒரு மாதத்துக்குள் தாள்கட்டையை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால் மீத்தேன் வெகுவாகக் கூடும். அறுத்த கையோடு மடக்கி உழுது, மண்ணில் ஈரம் மட்டும் இருக்க ஒரு மாதத்துக்குமேல் மட்கவிட்டால் அந்தக் கூடுதல் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. செலவே இல்லாமல் செய்யக்கூடிய வேலை இது. தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

காயவிடும் முறை நம் சம்சாரிகளுக்குப் புதிதல்ல. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று வேளாண் அலுவலர்களும் சொல்கிறார்கள், வரப்பிலும் அப்படித்தான் சொல்கிறோம். அதை அளவோடு செய்ய ஒரு குழாய் போதும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான பிவிசி குழாய், கை உள்ளே போகிற அகலம். கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை வாரி எடுத்துவிடவேண்டும். வயலில் தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பயப்பட வேண்டியதில்லை, வேருக்கு ஈரம் எட்டும். அதற்கப்புறம் இரண்டு அங்குலம் பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், பூப் பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவிடக் கூடாது. முதலாவது களைக்காக, இரண்டாவது பதர் விழாமலிருக்க.

இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04-இல் காவிரிப் படுகையில் நூறு, தாமிரபரணிப் படுகையில் நூறு என்று விவசாயிகளின் சொந்த வயலிலேயே திருந்திய நெல் சாகுபடியைச் சோதித்துப் பார்த்தது. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு, உருளும் களைக்கருவி, தண்ணீரைத் தேக்கி வைக்காத பாசனம். தாமிரபரணி வயல்களில் சராசரி மகசூல் வழக்கமான முறையைவிட ஹெக்டேருக்கு ஒன்றரை டன்னுக்குமேல் கூடியது. அன்று பார்த்தது மகசூலையும் தண்ணீரையும்தான், மீத்தேனை யாரும் அளக்கவில்லை. ஆனால் தண்ணீரைத் தேக்காவிட்டால் நெல் குறைந்துபோகும் என்ற அச்சத்துக்கு இந்த ஆற்றங்கரையிலேயே கிடைத்த பதில் அது.

"அப்பம் எல்லாரும் காயப் போடவேண்டியதுதானே?" என்று பக்கத்தில் இருந்த இளைஞர் கேட்டார். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று போகிறது. மீத்தேன் அடங்குகிறது. ஆனால் யூரியா போட்ட வயலில் காற்றும் ஈரமும் மாறிமாறி வந்தால் இன்னொரு வாயு பிறக்கும், நைட்ரஸ் ஆக்சைடு. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அது நூறாண்டுக்கு மேல் வானத்தில் நிற்கும். 2018-இல் கிருத்தியும் அவருடன் சேர்ந்தவர்களும் தென்னிந்தியாவின் ஐந்து நெல்வயல்களில் அளந்து வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எச்சரித்தது. அந்த வயல்கள் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் மூன்றிலும் இருந்தவை. விட்டுவிட்டுப் பாய்ச்சிய வயல் ஒன்றில் ஹெக்டேருக்கு ஒரு பூவில் 33 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. அதுவரை பதிவான உச்சத்தைவிட மூன்று மடங்கு.

அதை அண்ணாச்சியின் ஏக்கருக்கு மாற்றிப் பாருங்கள். 13 கிலோவுக்குச் சற்று மேல், 273-ஆல் பெருக்கினால் 3,600 கிலோவைத் தாண்டுகிறது. காயவிட்டு மிச்சம் பிடித்த 470 கிலோவை ஏழு தடவைக்குமேல் விழுங்கிவிடும். ஆனால் பன்னாட்டுக் குழுவின் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து போடும் வயலைக் காயவிடுவதால் கூடும் நைட்ரஸ் ஆக்சைடு சுமார் 50 கிலோ கரியமில வாயுவுக்குத்தான் சமம். ஒரு பக்கம் 50, இன்னொரு பக்கம் 3,600. எல்லா வயலும் 3,600 பக்கம் போகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அளக்காமல் எந்த வயல் எந்தப் பக்கம் என்று தெரியாது. இந்த இடைவெளியைப் பார்த்த பிறகு, 'மீத்தேன் குறைந்தது' என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போகும் எந்தத் திட்டத்தையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

கிருத்தியின் அதே ஆய்வு வழியும் சொன்னது. தண்ணீரை ஒரேயடியாக வற்றவிடாமல் மண்மட்டத்துக்கு அருகிலேயே மேலும் கீழுமாக லேசாக ஏறி இறங்க விடவேண்டும், தழைச்சத்தையும் அளவோடு போடவேண்டும். தண்ணீர், உரம், மட்கு மூன்றையும் சேர்த்து நிர்வகித்தால் வாயுத் தாக்கத்தை 90 சதவீதம் வரைக்கும் குறைக்கலாம் என்றது. தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டு உரத்தை விட்டுவிட்டால் பயனில்லை.

உரத்தின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இது வாழைக்காரருக்கும் சேர்த்து. இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. வாழைபோல் தண்ணீர் தேங்காத நிலத்தில் போட்டால் அதில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது பொதுக் கணக்கு. மூட்டைக்குச் சுமார் 330 கிராம், பெருக்கினால் 89 கிலோ கரியமில வாயு. யூரியா மண்ணில் உடையும்போது நேராக வெளிவரும் கரியமில வாயு 33 கிலோ. ஆக ஒரு மூட்டையை வயலில் விசிறியதும் சுமார் 120 கிலோ. இதில் ஆலையில் யூரியா செய்ய எரித்த எரிபொருள் சேரவில்லை. தூத்துக்குடி ஸ்பிக் ஆலை பல காலம் நாப்தாவில் ஓடி, பிறகு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அங்கே ஒரு மூட்டைக்கு ஆகும் புகை அதனால் குறையும். வயலில் போட்டபின் வரும் நைட்ரஸ் ஆக்சைடு எந்த ஆலை மூட்டைக்கும் ஒன்றுதான்.

வாழையில் மீத்தேன் கிடையாது என்பதால் ஏத்தன், கோழிக்கூடு, சக்கை போட்டவர்களுக்கு இந்தப் பேச்சில் பங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வாழை உரம் அதிகம் கேட்கும் பயிர். மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை நிறுத்தி, வளர்ச்சிக்கு ஏற்பத் தவணை பிரித்து, சொட்டுநீர் இருந்தால் நீரோடு கரைத்துக் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. இலையின் பச்சையை அட்டையின் பச்சையோடு ஒத்துப் பார்த்து, நிறம் வெளிறினால் மட்டும் மேலுரம் போடலாம். ஒரு மூட்டை மிச்சமானால் பணமும் மிச்சம். கணக்குப் பிசகினாலும் நட்டமே வராத வேலை இது. அதனால் யாராவது "எதில் தொடங்குவது" என்று கேட்டால் யூரியாவில் தொடங்குங்கள் என்பேன். தண்ணீருக்கு அப்புறம் வரலாம்.

இந்த மாவட்டத்தில் தண்ணீர் ஏன் கடினமான பாதி என்பதற்கு ஆற்றைப் பார்க்கவேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கடைசி ஸ்ரீவைகுண்டம், 1870-களில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. அதன் வடகாலும் தென்காலும் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு கடலோரம் வரை போகின்றன. வடகாலில் பெருங்குளம், ஆறுமுகமங்கலம், கொற்கை, தென்காலில் கடம்பாகுளம். பாபநாசத்தில் திறந்த தண்ணீர் ஏழு அணைக்கட்டைத் தாண்டி, மிச்சம் இங்கே வரவேண்டும். கார் பருவம் கடைமடைக்கு நிச்சயமில்லாத ஒன்று. பிசானம்தான் உயிர். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து இந்தப் பக்கத்து விவசாயிகள் பல ஆண்டு போராடியதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வயலில் தண்ணீர் நிற்கும்போது "வடிய விடுங்கள், காயட்டும்" என்று சொல்வது பெரிய வார்த்தை. அண்ணாச்சி தெளிவாகச் சொன்னார்: "நாளைக்கு மடை தெறப்பான்னு தெரிஞ்சா இன்னைக்குக் காயப் போடுவேன். தெரியலைன்னா நிக்கிற தண்ணியை எவன் விடுவான்?" அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. வாய்க்கால் தலைப்பில் இருப்பவருக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் ஒரு தொழில்நுட்பம். கடைமடைக்காரருக்கு அது துணிச்சல். பயிர் காய்ந்து களிமண் வெடித்தபின் தண்ணீர் வந்தாலும் முதலில் வெடிப்புதான் குடிக்கும். காயப்போட்டவர் மிச்சம் பிடித்த தண்ணீர் அவருக்கே திரும்பி வரும் என்ற உறுதியும் இல்லை.

இதனால்தான் குறைத்த வாயுவை டன் கணக்கில் விற்க, வயலை அலகாக வைத்துப் போடும் கார்பன் வரவுத் திட்டங்கள்மேல் எனக்குத் தயக்கம். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் விலை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நம் கணக்குப்படி ஏக்கருக்கு ஒரு பூவுக்கு 470 ரூபாய். அளப்பவர், சரிபார்ப்பவர், இடைத்தரகர் போக சம்சாரி கைக்கு வருவது ஓர் ஆள் கூலிகூடத் தேறாது. அதற்காக யாரும் பிசானத்தைப் பணயம் வைக்கமாட்டார்கள். அளவு பொய்த்தால் இன்னும் மோசம். 2024-இல் வெர்ரா என்ற பன்னாட்டுக் கார்பன் பதிவு அமைப்பு, சீனாவின் 37 நெல்வயல் மீத்தேன் திட்டங்களைத் தர விதிகளை நிறைவேற்றவில்லை என்று தள்ளிவிட்டது. திட்டத்துக்கு முன்னால் அந்த வயலில் தண்ணீர் எப்படிப் பாய்ந்தது, திட்டத்தால் என்ன மாறியது என்ற இரண்டு கேள்விக்கும் ஆதாரத்தோடு பதில் சொல்ல முடியாதவன் குறைத்ததாக எழுதும் டன்னுக்கு மதிப்பில்லை. நம் கடைமடையில் ஏற்கெனவே பாதி நாள் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடக்கும் வயலை "எங்கள் முயற்சியால் காய்ந்தது" என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்லவருவது, தண்ணீர் வழியாக வெளியீட்டைக் குறைக்கும் வேலையைக் குளத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பதே. ஆயக்கட்டுக்காரர் கையில் ஒரு குளம் நிறையத் தண்ணீர் இருந்தால் அவர்களே முறை வைத்துக்கொள்ளலாம். மடை எந்த நாளில் திறக்கும் என்பது தெரிந்துவிட்டால், நடுவில் வரும் நாட்கள் காய்ச்சலுக்கான நாட்கள் ஆகிவிடும். தூர்ந்துபோன குளத்தால் அது முடியாது, பெருமழையைத் தாங்கவும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஏரல் கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்தது, பாலத்தின் அணுகுசாலை அறுந்தது, சுற்றுப்பட்டுக் குளங்கள் பல உடைந்தன. ஒரு மழையை மட்டும் வைத்து உலகச் சூட்டின்மேல் முழுப் பழி போட முடியாது. ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏழு சதவீதம் கூடுதல் ஈரம் சுமக்கும் என்பது இயற்பியல். அப்படிப்பட்ட மழையைத் தாங்கும் கரையும், அடுத்த மாதத்துப் பாசனத்துக்குத் தேக்கும் ஆழமும் ஒரே குளத்தில் கிடைக்கும். குளத்துக்குச் செலவழிப்பதை வெள்ளக் கணக்கில் மட்டும் எழுதாமல் மீத்தேன் கணக்கிலும் எழுதலாம் என்று நினைக்கிறேன். எந்தத் திட்ட அறிக்கையிலும் அப்படி எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை. எழுதவேண்டும்.

அடுத்த பிசானத்துக்கு என்ன செய்யலாம்? ஒரு குளத்தின் ஆயக்கட்டை எடுத்துக்கொண்டு தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றிலும் சில வயல்களில் குழாய் பதிக்கலாம். அன்றாடம் எட்டிப் பார்த்து, தண்ணீர் நின்ற மட்டத்தையும் யூரியா போட்ட தேதியையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். வல்லநாட்டுக்குப் பக்கத்தில் கிள்ளிக்குளம் வேளாண் கல்லூரி இருக்கிறது. பெட்டி கவிழ்த்து மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்து அளக்க அவர்களை அழைக்கலாம். ஒன்றை மட்டும் அளக்க வந்தால் வேண்டாம் என்றே சொல்லலாம். கால் மடை திறக்கும் தேதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே எழுதி ஊர்ச் சாவடியில் ஒட்டும்படி பாசன அதிகாரிகளிடம் கேட்கவேண்டும், ஒட்டிய தேதியில் தண்ணீர் வரவும் வேண்டும். அப்படி ஒரு பருவம் தேதி தவறாமல் வந்துவிட்டால் கடைமடை வயல்களிலும் காயப்போட ஆள் இருக்கும்.